தேதியைக் குறியுங்கள், வெர்ஷன் பின்னால் வரும்

(புதியம்புத்தூரில் கல்லூரி மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ரெட்ஹாட் சர்டிபிகேட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்று வருகிற பிள்ளைகள் எடுத்த எடுப்பில் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணே, எட்டைப் படிக்கவா, ஒன்பதைப் படிக்கவா? பத்து வேற வந்துட்டாமே, பேசாம அதையே படிச்சிரவா?" அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்காரலாம் என்று வந்திருக்கிறேன். லினக்ஸ் படித்தால் சம்பளம் எவ்வளவு, அமெரிக்கா போகலாமா என்பதையெல்லாம் பேச நிறைய ஆட்கள் இருக்கிறார்கள்; மைக்கும் அவர்களிடம்தான் அதிக நேரம் இருக்கிறது.

பெற்றோருக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம்மூர் ரெடிமேட் கடைகளில் பில் போடும் கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ். கூரியர் கம்பெனி, பேங்க், டிக்கெட் புக்கிங் என்று நாம் செல்போனில் தொடுகிற எதற்கும் பின்னால், எங்கோ சென்னையிலோ மும்பையிலோ இருக்கிற சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸ். அதைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்கிறவர்தான் லினக்ஸ் அட்மின். லினக்ஸில் பல வகை உண்டு. அதில் ரெட்ஹாட் என்ற கம்பெனி தருகிற வகைக்கு ரெட்ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் என்று பெயர். வாயில் நுழைகிற மாதிரி 'ரெல்' என்பார்கள். அந்தக் கம்பெனியே நடத்துகிற முதல் படித் தேர்வு ஆர்எச்சிஎஸ்ஏ. இது கட்டத்தில் டிக் அடிக்கிற பரீட்சை கிடையாது. மெஷினைக் கையில் கொடுத்து, வேலைப் பட்டியலையும் கொடுத்துவிடுவார்கள். கேட்டபடி செய்து வைக்க வேண்டும். 300 மார்க்குக்கு 210 எடுத்தால் பாஸ். சர்டிபிகேட் 3 வருஷம் செல்லும்.

வேறு தேர்வுகளும் இருக்கின்றன. எல்பிஐ என்ற அமைப்பு நடத்தும் எல்பிக்-1 எந்தக் கம்பெனியையும் சாராதது, எழுத்துத் தேர்வு மாதிரி. லினக்ஸ் ஃபவுண்டேஷன் நடத்துவது எல்எஃப்சிஎஸ். இரண்டும் நல்லவைதான். ஆனால் வேலை விளம்பரங்களில் அதிகம் தலைகாட்டுவது ரெட்ஹாட். வெர்ஷன் குழப்பமும் அங்கேதான் அதிகம். அதனால் அதையே பிடித்துக்கொள்கிறேன்.

ரெல் 6 வந்தது 2010 நவம்பரில். 7 வந்தது 2014 ஜூனில். அடுத்த 8க்கு ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது, 2019 மே. அதற்குப் பிறகு கணக்காக மூன்று வருஷத்துக்கு ஒன்று: 2022 மேயில் 9, 2025 மேயில் 10. ஒவ்வொன்றுக்கும் சுமார் பத்து வருஷ ஆயுள். 8க்கு 2029 வரை, 9க்கு 2032 வரை பராமரிப்பு உண்டு. ஆகவே ஒரு பெரிய கம்பெனிக்குள் போய்ப் பார்த்தால் மூன்று தலைமுறை ஒரே கூரைக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும். ஆயுள் முடிந்த 7கூட எங்காவது ஒரு மூலையில், தொட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தில், தொடப்படாமல் இருக்கும். வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே நீங்கள் படித்தது ஒன்று, கையில் கொடுப்பது ஒன்று என்று ஆகிவிடலாம். அதனால் "கம்பெனியில் எது ஓடுதோ அதைப் படிக்கிறேன்" என்று வெர்ஷனைத் தேர்ந்தெடுக்க முடியாது. எந்தக் கம்பெனி என்பது இன்னும் உங்களுக்கே தெரியாதே!

இந்த வெர்ஷன்களுக்கு நடுவே எல்லா மாற்றமும் ஒரே அளவு கிடையாது. 6இலிருந்து 7க்குப் போனபோது வீட்டையே இடித்துக் கட்டினார்கள். மெஷினை எழுப்பி, ஒவ்வொரு சேவையையும் ஓடவைக்கிற அடிப்படை முறையே மாறி சிஸ்டம்டி வந்தது. ஃபயர்வாலுக்குப் புது நிர்வாகி வந்தார். டிஸ்க்கின் வழக்கமான ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் ஆனது. அதைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. 8இல் யம் போய் டிஎன்எஃப் வந்தது, ஆனால் யம் என்று அடித்தாலும் கேட்டுக்கொள்ளும். 9இலும் 10இலும் வந்த மாற்றங்கள் இந்தப் பரீட்சையின் அளவில் ஓரஞ்சாரத்தில்தான். 8க்கான பாடத்தில் இருந்த டிஸ்க் சுருக்கும் விடிஓவும் ஸ்ட்ராட்டிஸும் 9க்கான பாடத்தில் இல்லை. 8, 9 இரண்டிலும் இருந்த கன்டெய்னர் பகுதி 10இல் நீக்கப்பட்டு, ஃபிளாட்பேக் என்ற வேறொன்று வந்தது. பயனர் கணக்கு, பெர்மிஷன், எல்விஎம், நெட்வொர்க், எஸ்இலினக்ஸ், ஷெல் ஸ்கிரிப்ட் எல்லாம் அப்படியே நிற்கின்றன. 9ஐ ஒழுங்காகப் படித்தவருக்கு 10 ஒரு வார வேலை. 6 காலத்து நோட்டை வைத்துப் படித்தவர்தான் எங்கே போனாலும் முட்டிக்கொள்வார்.

எப்படி முட்டிக்கொள்வார் என்று ஒன்றைக் காட்டுகிறேன். தேர்வுக்குப் படிக்கிற எல்லாரும் பழகுகிற வேலை, மறந்துபோன ரூட் பாஸ்வேர்டை மாற்றுவது. 6இல் இது சுலபம். பூட் ஆகும்போது கெர்னல் வரியின் கடைசியில் 1 என்று போட்டால் கதவு திறந்துவிடும். பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வெளியே வரலாம். 7 முதல் அந்த வரியின் கடைசியில் 'ஆர்டி.பிரேக்' என்று போட வேண்டும். திறந்ததும் உண்மையான சிஸ்டம் 'சிஸ்ரூட்' என்ற இடத்தில், படிக்க மட்டும் முடிகிற நிலையில் உட்கார்ந்திருக்கும். அதை எழுதும்படி மறுபடி மவுண்ட் செய்து, சிஎச்ரூட் போட்டு உள்ளே போய், பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். இத்தோடு முடிந்தது என்று நினைத்து ரீபூட் கொடுத்தால் போச்சு. எஸ்இலினக்ஸ் என்ற காவல்காரர் அந்த பாஸ்வேர்டு ஃபைலின் மேல் தன் முத்திரை சரியாக இல்லாததைக் கண்டு, புது பாஸ்வேர்டைச் சரியாக அடித்தாலும் உள்ளே விடமாட்டார். வெளியே வருவதற்கு முன், ரூட் டைரக்டரியில் 'ஆட்டோரீலேபிள்' என்று புள்ளியில் தொடங்கும் பெயரில் ஒரு காலி ஃபைலை உண்டாக்கிவிட்டு வர வேண்டும். அப்போதுதான் அடுத்த பூட்டில் எல்லா முத்திரையும் புதிதாகக் குத்தப்படும். அந்த ஒரு வரி பழைய நோட்டில் இருக்காது. அதை விட்டவர் சொந்த மெஷினுக்கு வெளியிலேயே நிற்பார், மற்ற கேள்வி எல்லாம் உள்ளே பூட்டிக் கிடக்கும்.

அதே மாதிரி, ஐபி முகவரியை மாற்றிவிட்டுப் பழைய வழக்கப்படி 'சர்வீஸ் நெட்வொர்க் ரீஸ்டார்ட்' என்று 8இலோ 9இலோ அடித்தால், நெட்வொர்க் என்று ஒரு சர்வீஸே இல்லை என்று பதில் வரும். அது பொய் சொல்லவில்லை. அந்த வேலை என்எம்சிஎல்ஐ என்ற கமாண்டுக்கு எப்போதோ போய்விட்டது.

இந்தப் பழைய நோட்டுகள் எங்கிருந்து வருகின்றன? ஒரு சென்டரில் படித்தவரிடமிருந்து அவர் தம்பிக்கு, தம்பியிடமிருந்து பக்கத்து வீட்டுக்கு, பென்டிரைவில் கைமாறி வருகின்றன. சென்னை வேளச்சேரியிலும் ஐதராபாத் அமீர்பேட்டையிலும் பணம் கட்டிப் படித்துவிட்டு வந்தவர்கள் கையில்கூட சென்ட்ஓஎஸ் 7 இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் பல பேர் அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

சென்ட்ஓஎஸ் என்பது ரெல்லின் இலவச மறுபதிப்பாக இருந்தது. ரெட்ஹாட் வெளியிட்ட மூல நிரலை எடுத்து, பெயரையும் சின்னத்தையும் மட்டும் மாற்றித் தந்தார்கள். காசு கொடுத்து ரெல் வாங்க முடியாத மாணவர்கள் எல்லாரும் அதில்தான் பழகினோம். 2020 டிசம்பர் 8ஆம் தேதி ரெட்ஹாட் ஓர் அறிவிப்பு விட்டது: 2029 வரை இருக்கும் என்று நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021 கடைசியோடு முடியும். அதற்கு முந்தைய வருஷம்தான் ஐபிஎம் 3,400 கோடி டாலர் கொடுத்து ரெட்ஹாட்டை வாங்கியிருந்தது. உலகமெல்லாம் ஏசினார்கள். சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி குர்ட்சர், காலமான தன் கூட்டாளி ராக்கி மக்காவின் பெயரில் ராக்கி லினக்ஸைத் தொடங்கினார். கிளவுட்லினக்ஸ் என்ற கம்பெனி ஆல்மாலினக்ஸைக் கொண்டுவந்தது. இரண்டும் 2021இல் கைக்கு வந்துவிட்டன.

சென்ட்ஓஎஸ் 7 மட்டும் தன் காலம் முழுக்க இருந்து, 2024 ஜூன் 30இல் முடிந்தது. அன்றைக்குப் பிறகு அதை இன்ஸ்டால் செய்து 'யம் இன்ஸ்டால்' என்று எதைப் போட்டாலும், மிரர்லிஸ்ட் முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எர்ரர் வரும். பிள்ளைகள் நெட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். நெட்டில் ஒரு கோளாறும் இல்லை. அந்த முகவரியையே மூடிவிட்டார்கள். உங்களுக்குப் பாடம் நடத்துகிறவர் இன்றும் சென்ட்ஓஎஸ் 7இல்தான் நடத்துகிறார் என்றால், மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இப்போது ரெட்ஹாட்டே தனி ஆட்களுக்கு 16 மெஷின் வரை ரெல்லை இலவசமாகத் தருகிறது. டெவலப்பர் கணக்கு ஒன்று தொடங்கினால் போதும், வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். தேர்வுக்குப் பழக அதைவிடப் பொருத்தமானது வேறு கிடையாது. கணக்கு வைத்துக்கொள்ளப் பிடிக்காதவர்கள் ஆல்மாவோ ராக்கியோ போட்டுக்கொள்ளலாம்.

நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு வெர்ஷனைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நமக்கு லினக்ஸ் புதிதில்லை. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், 2007 வாக்கிலேயே எல்காட் லினக்ஸுக்கு மாறிவிட்டது. அரசுப் பள்ளிகளுக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் போயின. ஆனால் அது சூசே லினக்ஸ். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு சேர்ந்து பாஸ் லினக்ஸ் வந்தது. அது சென்னை சி-டாக் உருவாக்கியது, டெபியன் வழி வந்தது. அதற்குப் பிறகு விருப்பப்பட்டுப் பழகியவர்கள் போட்டுக்கொண்டது உபுன்டு, அதுவும் டெபியன் வழிதான். ஆக, நம் விரல்களுக்குப் பழக்கம் 'ஆப்ட்-கெட்'. ரெட்ஹாட் மெஷினில் அது கிடையாது. பேக்கேஜ் முறை வேறு, ஃபயர்வால் கமாண்ட் வேறு, எஸ்இலினக்ஸ் என்ற காவல்காரரை உபுன்டுவில் பார்த்தே இருக்க மாட்டோம். உபுன்டுவில் மூன்று வருஷம் புழங்கிய ஒரு தம்பிக்கு 9க்கும் 10க்கும் நடுவே இருக்கிற இடைவெளி வாய்க்கால் என்றால், உபுன்டுவுக்கும் ரெல்லுக்கும் நடுவே இருப்பது வைப்பாறு. அதை முதலில் தாண்டுங்கள்.

அந்த விலையில்லா லேப்டாப் விஷயத்துக்கே வருகிறேன். அண்ணன் வாங்கியது, அக்கா வாங்கியது என்று பல வீட்டில் இன்னும் கிடக்கிறது. அதில் ரெல் 10ஐப் போட்டுப் பழகலாமா? பலவற்றில் போட முடியாது. 10ஆம் வெர்ஷன், சிப்பில் ஏவிஎக்ஸ்2 என்ற வசதி உள்ளிட்ட ஒரு தகுதி மட்டத்தைக் கேட்கிறது. இன்டெல்லில் அது 2013இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையில்தான் தொடங்குகிறது. அதற்குப் பிறகும் பல வருஷம் பென்டியம், செலரான் என்று விலை குறைவாக வந்த சிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. அப்படிப்பட்ட மெஷினில் 10ஐ எழுப்பினால், 'இந்த சிபியு எக்ஸ்86-64-வி3 மட்டத்தை ஆதரிக்கவில்லை' என்று ஒரு வரி வந்து அப்படியே நின்றுவிடும். ரேமைக் கூட்டினாலும் நடக்காது, ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும் நடக்காது. வாங்குவதற்கு முன்போ, டவுன்லோடு போடுவதற்கு முன்போ, ஒரு லைவ் பென்டிரைவில் லினக்ஸை எழுப்பி 'எல்எஸ்சிபியு' என்று அடித்துப் பாருங்கள். வருகிற நீண்ட பட்டியலில் ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஏவிஎக்ஸ்2 இருந்தும் அதே வரி வருகிறது என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் விர்ச்சுவல் மெஷினுக்குள் போட்டிருப்பார்கள். கேவிஎம்மில் சிபியு வகையைப் பழைய பொதுவகையாக விட்டிருந்தால், உள்ளே இருக்கிற மெஷினுக்கு உங்கள் சிப்பின் உண்மைத் திறமை தெரியாது. செட்டிங்கில் சிபியு வகையை 'ஹோஸ்ட்' என்று மாற்றினால் ஓடிவிடும். சிப்பே பழையதாக இருந்தால் இரண்டு வழி. 9ஐப் போடலாம், அது இதைவிட ஒரு படி கீழே இருக்கிற தகுதியோடு நின்றுகொள்ளும். 10தான் வேண்டும் என்றால் ஆல்மாலினக்ஸ் பழைய சிப்புகளுக்கென்றே 10இன் தனிப் பதிப்பு ஒன்றைத் தருகிறது. ராக்கியிலோ ரெல்லிலோ அது இல்லை. நம் மாதிரி ஊர்க்காரர்களுக்கு அது பெரிய உதவி.

சரி, எதைப் படிப்பது? கரிசல்காட்டுக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மானாவாரியில் எந்த ரகம் என்பதை விதைக்கடைக்காரரா முடிவு செய்கிறார்? மழை புரட்டாசியிலேயே விழுந்தால் பருத்தி, தள்ளிப்போனால் குறுகிய நாளில் விளைகிற பயறோ மல்லியோ. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901இலிருந்து இங்கே இருக்கிறது. அவர்கள் புது ரகம் விடும்வரைக்கும் நிலத்தைத் தரிசாகப் போட்டவர் யாரும் இல்லை. தேதி முதலில், ரகம் பின்னால்.

தேர்வும் அப்படித்தான். புது வெர்ஷன் வெளிவந்ததும், சில மாதம் கழித்து அதற்கான தேர்வு வரும். பழையதையும் கொஞ்ச காலம் சேர்த்து நடத்திவிட்டு நிறுத்துவார்கள். 8 அப்படித்தான் போனது. தேர்வைப் பொறுத்தவரை அதை மறந்துவிடலாம். ஆகவே, உங்களால் உண்மையாகவே தயாராக முடிகிற மாதம் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். தினம் இரண்டு மணி நேரம் உட்கார முடிகிறவருக்கு நாலு மாதம் வேண்டும் என்பது என் கணக்கு. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவருக்கு ஆறு. அந்த மாதத்தில் எந்தெந்த வெர்ஷனில் தேர்வு நடக்கும் என்று ரெட்ஹாட்டின் சொந்தப் பக்கத்தில் பாருங்கள், சென்டர் வாசலில் ஒட்டியிருக்கிற நோட்டீஸில் பார்க்காதீர்கள். இரண்டு இருந்தால், உங்கள் மெஷினில் ஓடுகிற புதியதை எடுங்கள். பாடத்திட்டத்தைப் பிரின்ட் எடுத்து, சுவரில் ஒட்டி, ஒவ்வொரு வரியையும் கையால் செய்து பார்த்து அடியுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. இந்தப் பேச்சைக் கேட்கிறவர்களில் 9ஐப் பாதிக்கு மேல் படித்து முடித்தவர் இருந்தால், அந்தத் தேர்வு இன்னும் நடக்கிறது என்றால், அதிலேயே எழுதி முடித்துவிடுங்கள். பத்துக்குத் தாவாதீர்கள். வேலை விளம்பரத்தில் ஆர்எச்சிஎஸ்ஏ வேண்டும் என்றுதான் போடுகிறார்கள், எந்த எண் என்று போடுவது அபூர்வம். கன்டெய்னர் பாடம் பத்தில் போய்விட்டதே, படித்தது வீணா என்று கவலைப்பட வேண்டாம். வேலையில் அது தினமும் வேண்டியிருக்கும்.

அடுத்த படியான ஆர்எச்சிஇ பற்றியும் ஒரு வார்த்தை. 8 முதல் அது முழுக்க ஆன்சிபிள் என்ற தானியக்கக் கருவியின் தேர்வாகிவிட்டது. 7 காலத்து ஆர்எச்சிஇ புத்தகத்தை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்கி வைக்காதீர்கள்.

'டம்ப்' என்று டெலிகிராமில் சுற்றும் கேள்வித் தொகுப்புகளைப் பற்றிக் கேட்பீர்கள். தேர்வில் வந்ததை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் எல்லாரும் உட்காருகிறார்கள்; மீறினால் சர்டிபிகேட்டைப் பறிக்கலாம். அது ஒருபுறம் இருக்கட்டும். அந்த டம்ப்புகளில் எந்த வெர்ஷன் என்றே போட்டிருக்காது. 7இன் கேள்வியும் 9இன் விடையும் ஒரே ஃபைலில் கலந்து கிடக்கும். நேர்மையில் நம்பிக்கை இல்லாதவர்கூட அதைத் தொடக்கூடாது.

தேர்வு அறைக்குள் நெட் கிடையாது. ஆனால் மெஷினுக்குள்ளேயே 'மேன்' பக்கங்கள் இருக்கும். வெர்ஷன் மாறினால் அந்தப் பக்கமும் சேர்ந்து மாறியிருக்கும், ஆகவே அதுதான் பழசாகாத நோட்டு. 'என்எம்சிஎல்ஐ-எக்ஸாம்பிள்ஸ்' என்று ஒரு மேன் பக்கம் இருக்கிறது. பேரைப் பார்த்தாலே தெரியும், உதாரணம் உதாரணமாகக் கொட்டிக் கிடக்கும். அங்கே தேடப் பழகியவருக்கு 10 போய் 11 வந்தாலும் கை நடுங்காது. இன்னொன்று, நீங்கள் செய்து வைத்தது எல்லாம் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும். சர்வீஸை ஸ்டார்ட் செய்து எனேபிள் செய்யாமல் விட்டால் அந்த மார்க் போச்சு. எஃப்எஸ்டேப் ஃபைலில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்தால் மெஷினே எழும்பாது, மொத்த மார்க்கும் போச்சு. 'மவுண்ட் -ஏ' கொடுத்துச் சரிபார்க்காமல் ரீபூட் கொடுக்காதீர்கள்.

தேர்வை வீட்டிலிருந்தும் எழுதலாம், 2020 முதல் அந்த வசதி இருக்கிறது. அவர்கள் தருகிறதை பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பை எழுப்பி, தனியாக ஒரு வெப்கேமரா வைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத அறையில் உட்கார வேண்டும். நம்மூரில் ஆள் நடமாட்டம் இல்லாத அறை எது என்று யோசித்துக்கொள்ளுங்கள். பாதி வீட்டில் முன்னறையில் தையல் மெஷின், பின்னறையில் ஓவர்லாக். இல்லையென்றால் நகரத்தில் தேர்வு மையத்துக்குப் போய் எழுதுங்கள், கரண்ட் கவலையும் இருக்காது.

மாதத்தை மட்டும் நானே சொல்கிறேன். ஆவணி தொடங்கி ஐப்பசி வரை தீபாவளிச் சரக்கு. ராத்திரி முழுக்க லைட் எரியும், படிக்கிற பிள்ளையும் பட்டன் தைக்க உட்காரும். அப்போது தேதி வாங்காதீர்கள். கார்த்திகையில் பாடத்தைத் தொடங்குங்கள். பொங்கல் ஆர்டரும் அனுப்பி முடித்தபின் தையில் திரும்ப ஒரு சுற்று பழகி, மாசிக் கடைசியில் எழுதுகிற மாதிரி இப்போதே வீட்டில் பேசி வைத்துவிடுங்கள். அம்மாமாரும் அப்பாமாரும் இங்கேயே இருக்கிறார்கள், அது வசதி.